கதவு மூடினாலும் தெரிய வேண்டும்

அத்தியாயம் 7

"கண்ணுக்குத் தெரியறதுன்னா என்ன? சொல்லுங்க பார்ப்போம், கொழுந்தனாரே!"

அண்ணி இப்படிக் கேட்டபோது கொழுந்தனின் வாயில் பாதி வாழைப்பழம் இருந்தது. மீதிப் பாதியை உயர்த்திக் காட்டினான். "இதோ, இது தெரியுது." அடுத்த நொடி அதுவும் வாய்க்குள் போனது. "இப்ப தெரியல."

"பரவாயில்ல, பாதி பாஸ்" என்றாள் அண்ணி.

குடை ரிப்பேர் கடைக்கு மேலே, மாடிப்படிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் செருகி வைத்த அறை அது. வெளியே 'துப்பறியும் நிலையம்' என்று பலகை. உள்ளே இரண்டு நாற்காலி, மூன்று ஆட்கள். அதனால் கொழுந்தன் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அண்ணன் மனைவியிடம் உதவியாளனாக இருப்பதில் அவனுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இதற்கு முன் மின்விசிறி விற்றான். கடையே காற்று வாங்கியது.

அண்ணி கதை வேறு. வயரிங் ரூல் புக் அச்சிடும் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்து, அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைக் கரைத்துக் குடித்தவள். முதல் அத்தியாயம் என்றால் வரையறைகள். எந்தச் சொல்லுக்குப் புத்தகம் என்ன பொருள் கொள்கிறது என்று சொல்கிற பக்கங்கள். வயரிங் வேலை செய்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதைப் புரட்டிவிட்டு நேராக இரண்டாம் அத்தியாயத்துக்குப் போய்விடுவார்கள். "எல்லாரும் தாண்டிப் போற பக்கத்துலதான் திருடன் செருப்பைக் கழட்டி விட்டிருப்பான்" என்பது அண்ணியின் கொள்கை.

இரண்டாவது நாற்காலியில் இருந்தவளை ஊரே ஃப்யூஸக்கா என்று கூப்பிடும். லைசென்ஸ் வாங்கிய எலக்ட்ரீஷியன். டெஸ்டரைப் பேனா மாதிரி சட்டைப் பையில் குத்தியிருந்தாள். அழுகிற ரகம் இல்லை. இன்று மட்டும் மூக்கை அடிக்கடி உறிஞ்சினாள்.

"மூணு மணிக்கு விசாரணை, மேடம். மணி இப்பவே பதினொண்ணு. லைசென்ஸை ரத்து பண்ணிடுவாங்க."

"நடந்ததைச் சொல்லும்மா. ஸ்விட்ச் போட்ட நாள்ல இருந்து."

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பெரிய சலவை நிலையத்தில் துணி உலர்த்தும் டிரம்முக்கு அவள்தான் வயரிங் செய்தாள். டிரம்மை நிறுத்தும் ஸ்விட்ச், எதிர்ச்சுவரில், பன்னிரண்டு மீட்டர் தள்ளி. நடுவில் ஒன்றுமே இல்லை. டிரம்முக்குப் பக்கத்தில் நின்றால் ஸ்விட்ச் பளிச்சென்று தெரியும். அதைத்தான் ரூல் புக் 'கண்பார்வைக்குள்' என்கிறது: இங்கிருந்து பார்த்தால் அது தெரிய வேண்டும், தூரம் பதினைந்து மீட்டரைத் தாண்டக் கூடாது.

"எதுக்கு இத்தனை கெடுபிடி?" என்று கொழுந்தன் கேட்டான்.

"செருப்பை வாசல்ல விட்டுட்டு உள்ள உட்கார்ந்திருக்கவன் ஏன் வாசலையே பார்த்துட்டு இருக்கான்?" என்றாள் அண்ணி. "ஸ்விட்சை அணைச்சுட்டு மெஷினுக்குள்ள கையை விடறவனுக்கும் அதே கவலைதான். எவனாவது வந்து போட்டுட்டா?"

"போட்டுட்டான்" என்றாள் ஃப்யூஸக்கா.

இப்போது அங்கே நடுவில் ஒரு மடிப்புக் கதவு இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் டிரம்மின் பெல்ட் சிக்கிக்கொள்ள, நிலையத்து மெக்கானிக் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து கையை உள்ளே விட்டான். யாரோ கதவை இழுத்து மூடினார்கள். அந்தப் பக்கம் புதிதாகச் சேர்ந்த ஒருவன், ஸ்விட்ச் ஏன் அணைந்திருக்கிறது என்று தட்டிவிட்டான். இரண்டு விரல் முறிந்தது. ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அந்த மெக்கானிக் என் கூடப் பொறந்த தம்பி, மேடம். அங்க சேர்ந்து நாலு மாசம்தான் ஆகுது. அவன் சேரும்போதே கதவு இருந்துச்சாம். நான் போட்டப்ப இல்லவே இல்ல. ஆனா முதலாளி ஒரு லெட்டரைக் காட்டறாரு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே எனக்கு எழுதினாராம், கதவு மறைக்குது, ஸ்விட்சை மாத்துங்கன்னு. சத்தியமா வரல. வந்திருந்தா மாத்தாம இருப்பேனா?"

"மத்த ஆளுங்க என்ன சொல்றாங்க?"

"முதலாளி முகத்தைப் பார்த்துட்டுத்தான் வாயைத் திறக்கறாங்க." மூக்கை மறுபடி உறிஞ்சினாள். "லைசென்ஸ் போனாக்கூடத் தாங்கிக்குவேன். தம்பி அந்த லெட்டரை நம்பிட்டான். நேத்து தண்ணி பாட்டிலைத் திறக்க முடியாம மூடியைப் பல்லால கடிச்சுட்டு இருந்தான். நான் கையை நீட்டினேன். 'வேணாம், உன் வேலை லட்சணத்தைத்தான் பார்த்தாச்சே'ன்னுட்டான்."

கொழுந்தனுக்கே ஜோக் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"லெட்டர்ல என்ன வார்த்தை இருக்கு? அப்படியே சொல்லு."

ஃப்யூஸக்காவுக்கு அது மனப்பாடம். "'கண்பார்வைக்குள் என்பதன் வரையறைப்படி, இடையே உள்ள கதவோ திரையோ மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் ஸ்விட்ச் தெரிய வேண்டும் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டு வருகிறேன்.'"

அண்ணி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து தண்ணீர்க் குடத்தில் மோதியது. "கிளம்புங்க, கொழுந்தனாரே!"

"எங்க?"

"துணி துவைக்க!"

*

சலவை நிலையத்துக்குள் நுழைந்ததும் ஆவியும் சோப்பு வாசனையுமாக முகத்தில் அடித்தது. இங்கே துவைப்பு, அங்கே உலர்த்தல், மடிப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் ஏசி போட்ட இஸ்திரி அறை. கொழுந்தன் டிரம் பக்கத்தில் நின்றான். அண்ணி கதவை இழுத்தாள். ஸ்விட்சும் மறைந்தது, அண்ணியும் மறைந்தாள்.

"அண்ணி, உங்களைக் காணோம். நிம்மதியா இருக்கு!"

"காது கேட்குது!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

முதலாளி வந்தார். மனிதர் தலையிலிருந்து கால் வரை மடிப்புக் கலையாதவர். கைக்குட்டையில் நான்கு மூலையும் ஒன்றோடு ஒன்று சண்டை போடாமல் இருந்தன. மேசையில் பில் கூட விறைப்பாகக் கிடந்தது.

"பேப்பரையுமா சார் இஸ்திரி போடுவீங்க?"

"சுருக்கம் இருந்தா எனக்குத் தூக்கம் வராது, தம்பி" என்றார் முதலாளி பெருமையாக.

கடித நகலையும் ரூல் புக்கையும் கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்தார். மடியில் கனம் இல்லாதவர் போல நடந்துகொண்டார். அண்ணி நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"சார், கதவைப் பத்தின அந்த வரி வரையறையில சேர்ந்தே ஏழு மாசம்தான் ஆகுது. அதுக்கு முன்னாடி தெரியணும், பதினஞ்சு மீட்டர், அவ்வளவுதான். ரெண்டு வருஷத்துக்கு முந்தின லெட்டர்ல இது எப்படி வந்துச்சு?"

முதலாளி சிரித்தார். சிரிப்பிலும் சுருக்கம் இல்லை. "புத்தகம் அச்சான வருஷத்தைப் பாருங்க, மேடம்."

ஐந்து வருஷம் முன்பு அச்சான புத்தகம். ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தார். 'கதவோ திரையோ மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும்.' எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது.

அண்ணியின் முகம் தொங்கிப்போனது. இருபத்திரண்டு வருஷ ஞாபகம் இப்படியா காலை வாரும்? "வயசாயிடுச்சோ, கொழுந்தனாரே?" என்று முணுமுணுத்தாள். அண்ணி வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்து அவன் கேட்டதே இல்லை.

அதற்குள் வெளியே யாரோ வெள்ளைச் சட்டை நீலமாகிவிட்டது என்று கத்த, முதலாளி ஓடினார்.

வருத்தம் வந்தால் கொழுந்தனுக்குக் கை சும்மா இருக்காது. புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். பழைய புத்தகம், மூலையில் பூச்சி அரித்து மிளகு அளவுக்கு ஓட்டை. அட்டையில் தொடங்கிப் பக்கம் பக்கமாகக் குடைந்துகொண்டு போயிருந்தது. முதல் நான்கு தாளைச் சேர்த்துப் பிடித்து ஒரு கண்ணை வைத்தான். "அண்ணி, உங்க மூக்குத்தி தெரியுது." இன்னொரு தாளைச் சேர்த்தான். "இப்ப தெரியல."

"விளையாடாதீங்க."

"இல்ல அண்ணி, நிஜமாவே தெரியல. எட்டாம் பக்கம் வரைக்கும் ஓட்டை இருக்கு. பதினொண்ணுல மறுபடி இருக்கு. ஒன்பதாம் பக்கத்துல மட்டும் இல்ல. பூச்சி என்ன ஹைஜம்ப் பண்ணுச்சா?"

அண்ணி புத்தகத்தைப் பிடுங்கினாள். அந்தத் தாளைத் திருப்பினாள். பின்பக்கம், பத்தாம் பக்கத்தில், ஓட்டை சமர்த்தாக இருந்தது. முன்பக்கத்தில் மூடிக் கிடந்தது. விரலால் தடவினாள். மற்றப் பக்கமெல்லாம் ஈரத்தில் நெளிந்து கிடக்க, இது ஒன்று மட்டும் புதுச்சட்டை காலர் போல விறைத்திருந்தது.

"அட என் கொழுந்தனாரே!" அண்ணி அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். சந்தோஷம் வந்தால் அவளுக்கு அப்படித்தான். "திருத்தச் சீட்டு! விதி மாறினா புதுப் புத்தகம் போட மாட்டோம். மாறின பக்கத்தை மட்டும் அச்சடிச்சுத் தபால்ல அனுப்புவோம். பழைய பக்கத்து மேல ஒட்டிக்கணும். இந்தக் கையாலேயே ஆயிரக்கணக்குல ஒட்டியிருக்கேன். ஒட்டின பக்கம் எப்பவும் உப்பலா நிக்கும், தொட்டாலே தெரியும். இந்த மனுஷன் அதையும் இஸ்திரி போட்டுட்டாரு!"

"சுருக்கம் இருந்தா தூக்கம் வராதே!"

"பூச்சி அரிச்சதுக்கு அப்புறம்தான் சீட்டு ஒட்டியிருக்கு. சீட்டு வந்ததே ஏழு மாசத்துக்கு முன்னாடி. ஆக, இந்த லெட்டருக்கு ரெண்டு வயசு ஆகல. பச்சைக் குழந்தை!"

கொழுந்தனுக்குச் சிரிப்பு பொங்கியது. முதலாளி திரும்பி வந்தபோது அதை அடக்கப் பார்த்தான். அடக்கிய சிரிப்பு விக்கலாக மாறியது. "என்ன தம்பி?" "ஒண்ணுமில்ல... ஹிக்... நல்ல புத்தகம் சார்... ஹிக்... பூச்சிக்குக்கூடப் பிடிச்சிருக்கு."

அண்ணி அவன் காலை மிதித்தாள். "மூணு மணிக்கு மறக்காம புத்தகத்தைக் கொண்டு வந்துடுங்க, சார். உங்களுக்கு அதுதான் பலம்."

முதலாளி புத்தகத்தையும் பார்த்தார், விக்கல்காரனையும் பார்த்தார்.

*

மின் ஆய்வு அலுவலகத்தில் ஸ்விட்ச்போர்டு சுவரை விட்டு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை இன்சுலேஷன் டேப் போட்டு நிறுத்தியிருந்தார்கள். "ஊருக்குத்தான்... ஹிக்... உபதேசம்" என்றான் கொழுந்தன். இந்த முறை அண்ணி கூடச் சிரித்துவிட்டாள்.

வராந்தா பெஞ்சில் ஒரு முனையில் ஃப்யூஸக்கா, மறு முனையில் அவள் தம்பி. கையில் கட்டு, மடியில் தண்ணீர் பாட்டில். நடுவில் நான்கு பேர் உட்காரலாம், அவ்வளவு இடைவெளி. அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான்.

உள்ளே அதிகாரி மேசையில் லைசென்ஸ் புத்தகம் காத்திருந்தது. பக்கத்தில் ரத்து முத்திரையும் மைப்பெட்டியும் இருந்தன.

"லெட்டர் கிடைச்சும் மாத்தலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் அதிகாரி. "வேற ஏதாவது சொல்ல இருக்கா?"

"முதலாளியோட ரூல் புக்கைப் பார்க்கணும்" என்றாள் அண்ணி.

முதலாளி ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் கூழாக ஒரு உருண்டை. "மன்னிக்கணும் சார். தவறுதலா துணியோட சேர்ந்து மெஷின்ல போயிடுச்சு."

கொழுந்தனின் விக்கல் அந்த நொடியே நின்றது. தன் விக்கல் செய்த வேலை இது என்று அவனுக்குப் புரிந்தது. ஃப்யூஸக்கா நாற்காலியின் கையை இறுகப் பிடித்தாள். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அண்ணி மட்டும் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "நல்லா வெளுத்திருக்கு" என்றாள். பிறகு அதிகாரியிடம் திருத்தச் சீட்டு வந்த கதையைச் சொன்னாள். அதிகாரி தன் புத்தகத்தைப் புரட்டித் தலையசைத்தார். "ஆமா, அந்த வரி ஏழு மாசத்துக்கு முன்னாடி வந்ததுதான்."

முதலாளி அசரவில்லை. "சார், நான் சாதாரண ஆள். கதவு மூடினாலும் தெரியணும்னு என் புத்திக்குத் தோணுச்சு, எழுதினேன். பின்னாடி அவங்களும் அதே மாதிரி எழுதியிருக்காங்க. ஒருவேளை என்னைப் பார்த்துத்தான் மாத்தினாங்களோ என்னமோ!"

அதிகாரி கொஞ்சம் தடுமாறினார். "வார்த்தை ஒத்துப்போறதை மட்டும் வச்சு ஒருத்தரைப் பொய்யர்னு சொல்லிட முடியாதே, மேடம்" என்றபடி முத்திரையை எடுத்தார்.

கப்பல் கவிழ்ந்தது என்றே கொழுந்தன் நினைத்தான். அண்ணியோ கை கூப்பினாள். "முதலாளி சொல்றதை நான் ஒத்துக்கறேன், சார். லெட்டர் உண்மை."

"மேடம்!" என்று அலறினாள் ஃப்யூஸக்கா.

"இரும்மா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே இவருக்கு ஆபத்து தெரிஞ்சிருக்கு. எவ்வளவு கூர்மையான மனுஷன்! ஏன் முதலாளி, நீங்களே எழுதினதுதானே?"

"சந்தேகமில்லாம."

"கதவு மறைக்கறது அன்னிக்கே தெரியும்?"

"நல்லாத் தெரியும்."

"டிரம்மை ஓட விடறதும் நிறுத்தறதும் உங்க கையிலதானே?"

"என் நிலையத்துல என்னைக் கேட்காம ஒரு பொத்தானைக்கூட யாரும் தொட மாட்டாங்க!"

"இதை எழுத்துல குடுப்பீங்களா?"

முதலாளி பேனாவைத் திறந்தார், எழுதினார், சுருக்கமில்லாத ஒரு கையெழுத்தும் போட்டார். அண்ணி அதை அதிகாரி முன் நகர்த்திவிட்டு, "பதினாலாம் பக்கம், சார். வரையறைதான். கொஞ்சம் உரக்கப் படிங்க" என்றாள்.

அதிகாரி படித்தார். "'பொறுப்பாளர்: குறை இருப்பதை அறிந்திருந்தும், இயந்திரத்தை நிறுத்த அதிகாரம் இருந்தும், அதை ஓட விட்டவர். அதனால் நேரும் காயத்துக்கு அவரே முழுப் பொறுப்பு.'" அவர் குரல் போகப் போக மெதுவானது. கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ ரெண்டு வருஷமா தெரிஞ்சே ஆளுங்களை அந்த மெஷின்கிட்ட அனுப்பியிருக்கீங்க. இன்னிக்கே இணைப்பைத் துண்டிச்சு நிலையத்துக்குச் சீல் வைக்கணும். போலீசுக்கும் எழுதணும்."

முதலாளியின் நெற்றியில் முதல் சுருக்கம் விழுந்தது. தொடர்ந்து முகம் முழுவதும் விழுந்தது.

"இல்ல... சார், எனக்குத் தெரியாது! சத்தியமா தெரியாது சார்!"

"லெட்டர் எழுதியிருக்கீங்களே?"

"அது போன செவ்வாய்க்கிழமை அடிச்சது சார்! கதவே போன வருஷம் ஏசிக்காகத்தான் போட்டேன்! ரூல் புக்கைத் திறந்து பார்த்ததே விபத்துக்கு அப்புறம்தான்! அது வரைக்கும் வந்த சீட்டெல்லாம் உறையோட மேசைக்குள்ள கிடந்துச்சு சார்!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

"நுணலும் தன் வாயால் கெடும்" என்றான் கொழுந்தன். "இது நல்லா இஸ்திரி போட்ட நுணல்."

அதிகாரி ரத்து முத்திரையை மைப்பெட்டியோடு இழுப்பறைக்குள் தள்ளினார். லைசென்ஸை ஃப்யூஸக்கா பக்கம் நகர்த்தினார். "பொய்க் கடிதம் கொடுத்ததுக்குத் தனியா வழக்கு இருக்கு" என்று முதலாளியிடம் சொன்னார். "கதவு இருக்கற வரைக்கும் டிரம் ஓடக் கூடாது."

ஃப்யூஸக்கா லைசென்ஸைச் சட்டைப் பையில், டெஸ்டருக்குப் பக்கத்தில் செருகினாள். "கதவைக் கழட்டறாரோ இல்லையோ, நான் ஸ்விட்சை டிரம் பக்கமே கொண்டு வந்துடறேன், சார்" என்றாள். "இன்னும் மூணு வாரத்துல என் தம்பி அங்க மறுபடி கையை விடணும்."

அப்போதுதான் எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை என்ற அலறல் வராந்தாவுக்கே கேட்டிருக்க வேண்டும். மெக்கானிக் கதவருகில் நின்றிருந்தான். காது மடலெல்லாம் சிவந்திருந்தது. இரண்டு எட்டு முன்னால் வந்து, கட்டுப் போடாத கையால் பாட்டிலை நீட்டினான்.

"திறந்து குடு, அக்கா."

ஃப்யூஸக்கா மூடியைத் திருகினாள். வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டாள். கண் தெளிவாகத் தெரிந்தால்தானே சீக்கிரம் திறக்க முடியும்?